பெர்மிட் இல்லாம கிச்சனைப் பின்னால இழுத்துக் கட்டலாமா? கெலுகோர் தெரஸ் வீடு, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கெலுகோர்வாசி | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு பினாங்கு கெலுகோர்ல மாடியில்லாத தெரஸ் வீடு (வரிசை வீடு), எழுபதுகளோட கடைசியில கட்டினது. அப்பா வாங்கின வீடு. அம்மாவுக்குப் போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து, இப்ப வீல்சேர்ல இருக்காங்க. இருக்கிற பாத்ரூமுக்குள்ள வீல்சேர் நுழையும், ஆனா திரும்பாது. தினமும் நானும் என் மனைவியும் தூக்கித்தான் உள்ள கொண்டுபோறோம்.

பின்னால துணி காயப்போடுற இடம் 20 அடி அகலம், 10 அடி ஆழம். அதைத் தாண்டினா பேக்லேன் (பின்சந்து). கிச்சனை அங்க தள்ளிட்டு, பழைய கிச்சன் இடத்துல அம்மாவுக்குப் பெரிய பாத்ரூம் கட்டிக் கொடுக்கணும். இதுதான் திட்டம்.

கொன்ட்ரெக்டர் வந்து பார்த்தாரு. 38 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), ஆறு வாரத்துல முடிச்சிடலாம்னாரு. பெர்மிட் பத்திக் கேட்டேன். "இந்த வரிசையில யாரு எடுத்திருக்கா தம்பி? போய்ப் பாரு"ன்னாரு. போய்ப் பார்த்தேன். 14 வீட்டுல 11 வீடு பின்னால இழுத்திருக்கு. அவர் சொல்றது சரிதானா?

பிறைக்காரன் | திங்கள், இரவு 10:05

தம்பி, நான் 2003ல இழுத்தேன். பெர்மிட் எடுக்கல. இன்னிக்கு வரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல. பக்கத்து வீட்டுக்காரங்களோட நல்லா இருந்தா போதும், கொம்ப்லேன் வந்தாதான் ஆள் வருவாங்க. அம்மா கஷ்டப்படுறாங்க, சீக்கிரம் ஆரம்பிங்க.

ஆயர்ஈத்தாம்_அக்கா | திங்கள், இரவு 10:31

தம்பி, அவசரப்படாதீங்க. எங்க கதையைக் கேளுங்க. மாமனார் காலத்துல பின்னால ஒரு ரூம், கிச்சன், மேல சிங் தகரம்னு கட்டியிருந்தாங்க, பெர்மிட் கிடையாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி வீட்டை விக்கப் போனோம். வாங்க வந்தவரோட பேங்க் மதிப்பீட்டாளரை அனுப்பினாங்க. அவர் கையில ஊராட்சி மன்றம் அங்கீகரிச்ச பழைய பிளான். அதுல எங்க கிச்சனே இல்ல! அவர் அறிக்கையில எழுதிட்டாரு, பேங்க் லோனைக் குறைச்சிடுச்சு, வாங்க வந்தவர் பின்வாங்கிட்டாரு. அன்னிக்கு மாமனார் மிச்சம் பிடிச்ச காசு பல மடங்கா எங்க கையை விட்டுப் போச்சு.

கோடும்_அளவும் | செவ்வாய், காலை 7:15

வணக்கம். நான் பினாங்கில் 22 வருஷமாகப் பிளான் வரைகிறேன், பதிவு பெற்ற பெலுகிஸ் பெலான் (கட்டட வரைவாளர்). கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த "யாரு எடுத்திருக்கா" என்ற பேச்சை வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்கிறேன்.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133), பிரிவு 70. ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது. இருக்கிற கட்டடத்தை நீட்டுவதும் அதில் அடங்கும். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு மேல், தண்டனைக்குப் பிறகும் மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரிங்கிட் வரை விதிக்கலாம். பிரிவு 72இன் கீழ் இடிக்கவும் உத்தரவு வரலாம். 11 வீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். இன்னும் நோட்டீஸ் வரவில்லை என்பதற்காக அது அனுமதி ஆகிவிடாது.

உள்ளே ஓடு மாற்றுவது, பெயின்ட் அடிப்பது போன்றவற்றுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். தரைப்பரப்பு கூடாமல், வெளித்தோற்றம் மாறாமல் உள்ளுக்குள் செய்கிற மாற்றத்துக்கு, நகர, கிராமத் திட்டமிடலுக்கான 172ஆம் சட்டத்தில் திட்ட அனுமதியும் தேவையில்லை. நீங்கள் செய்யப்போவது அப்படியில்லை, தரைப்பரப்பு கூடுகிறது. பிளான் போட்டே ஆக வேண்டும். தூண், பீம் வருவதால் எஞ்சினியரின் கட்டமைப்புப் பிளானும் சேரும்.

உங்கள் பதிவில் மூன்று விஷயம் இல்லை. அம்மாவின் அறை எங்கே இருக்கிறது, அதன் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது? பின்னால் கழிவுநீர் மேன்ஹோல் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே இழுத்திருந்தால், எல்லையில் நிற்கும் சுவர் யாருடையது?

கெலுகோர்வாசி | செவ்வாய், மதியம் 1:20

ஐயா, ரொம்ப நன்றி. லஞ்சுக்கு வீட்டுக்கு வந்து டேப் பிடிச்சுப் பார்த்தேன்.

பேக்லேன் பக்கமா நின்னு வீட்டைப் பார்த்தா, வலது பாதி கிச்சன், இடது பாதி அம்மா அறை. அம்மா ஜன்னல் அந்தத் துணி காயப்போடுற இடத்தைப் பார்த்துத்தான் திறக்குது. வேற ஜன்னல் அந்த அறைக்கு இல்ல. இதை நான் யோசிக்கவே இல்ல. கொன்ட்ரெக்டர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன், "எக்சாஸ்ட் ஃபேன் போட்டுக்கலாம்"னாரு.

மேன்ஹோல் இருக்கு. வாஷிங் மெஷினைத் தள்ளிப் பார்த்தாதான் தெரிஞ்சது. அம்மா ஜன்னலுக்கு நேரா, சுவரிலிருந்து நாலு அடி தள்ளி, இரும்பு மூடி. மேல கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம்னு கொன்ட்ரெக்டர் சொல்றாரு.

வலது பக்கத்து வீடு ஒரு சீனப் பெரியவரோடது. அவங்க இழுத்து 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. எல்லையில நிக்கிறது அவர் கட்டின ஒற்றைச் செங்கல் சுவர். நம்ம பீமை அது மேலயே உட்கார வச்சா ஒரு சுவர் செலவு மிச்சம்னு கொன்ட்ரெக்டர் சொன்னாரு.

கோடும்_அளவும் | செவ்வாய், இரவு 8:50

அந்தக் கொன்ட்ரெக்டரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் தம்பி. மூன்றும் தப்பு.

முதலில் சுவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் பொதுச்சுவர் மொத்தம் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத கெட்டிச் சுவராக இருக்க வேண்டும் என்பது சீரான கட்டட உபவிதி. வெவ்வேறு காலத்தில் கட்டினால் ஆளுக்கு 100 மில்லிமீட்டராக இரண்டு அடுக்கு இருக்கலாம். அதாவது அவர் பாதியை அவர் கட்டிவிட்டார், உங்கள் பாதியை உங்கள் நிலத்தில் நீங்கள் எழுப்ப வேண்டும். அதுவும் கூரையோடு நிற்கக்கூடாது, கூரைக்கு மேல் 225 மில்லிமீட்டராவது உயர வேண்டும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவாமல் இருக்கத்தான் அந்த உயரம். உங்களுடையது கிச்சன், கேஸ் அடுப்பு எரிகிற இடம். அவர் சுவரில் உங்கள் பீமை ஏற்றினால், அந்தச் சுவரின் அஸ்திவாரம் உங்கள் பாரத்துக்குப் போட்டதா? நாளை அவர் இடித்துக் கட்டினால் உங்கள் கூரை எதன்மேல் நிற்கும்?

மேன்ஹோல். அதை மூடிக் கட்டிவிட்டால், குழாய் அடைக்கிற அன்று உங்கள் புதுக் கிச்சன் தரையை உடைக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கழிவு மட்டுமல்ல, வரிசை வீட்டுக் கழிவும் அந்த வழியாகப் போகலாம். திறக்கும்படி விட்டே ஆக வேண்டும்.

ஜன்னல். வாழும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்கு, தரைப்பரப்பில் 5 விழுக்காடாவது தடையில்லாத காற்றுக்குத் திறக்க வேண்டும். 9.3 சதுர மீட்டர் அறை என்றால் கிட்டத்தட்ட 0.93 சதுர மீட்டர் ஜன்னல். அது கூரை போட்ட கிச்சனுக்குள் திறந்தால் கணக்கில் சேராது. விதியை விடுங்கள், நாள் முழுக்க அந்த அறையில் இருக்கப்போகிறவர் உங்கள் அம்மா.

வழி இருக்கிறது. 20 அடி முழுவதையும் மூடாதீர்கள். அம்மா ஜன்னலுக்கு வெளியே ஏர்வெல் (கூரையில்லாத திறந்த இடம்) விடுங்கள். இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்துக்கு 7 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறையாமல். உங்கள் 6 மீட்டர் அகலத்தில் 2.5 போனால் 3.5 மீட்டர், 3 மீட்டர் ஆழம். பத்தரை சதுர மீட்டர் கிச்சன், ஒரு குடும்பத்துக்குத் தாராளம். உங்கள் அளவு சரியென்றால் மேன்ஹோலும் அந்த ஏர்வெல்லுக்குள்ளேயே விழும். கிச்சன் கூரை உயரம் 2.25 மீட்டருக்குக் குறையக்கூடாது, அதைப் பிளானில் பார்த்துக்கொள்ளலாம். பேக்லேன் எல்லை வரை வரலாமா என்பது உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) லேஅவுட்டைப் பொறுத்தது, கொம்தாரில் மன்றக் கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

பிறைக்காரன் | செவ்வாய், இரவு 9:30

ஐயா சொல்றதெல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்கணும். 2003ல நான் ஃபேக்டரியில வேலை செஞ்சப்ப மாசச் சம்பளம் ஆயிரத்து இருநூறு. பிளான் வரைய ஒரு ஆள், எஞ்சினியர் ஒரு ஆள், கட்டணம் தனி. அந்தக் காசுக்கு எனக்கு அஞ்சு மாசம் உழைக்கணும். நாலு பிள்ளைங்க, ஒரே ரூம். விதி வேணாம்னு சொல்லல. விதியைக் கடைப்பிடிக்கவே காசு வேணும்னு இருந்தா இல்லாதவன் என்ன செய்வான்? எங்க தோட்டத்துலருந்து வந்த பாதிப் பேர் கதை இதுதான்.

கோடும்_அளவும் | செவ்வாய், இரவு 10:10

நியாயமான கேள்வி அண்ணே. என்னிடம் முழுப் பதில் இல்லை. எங்கள் தொழிலில் சிலர் சின்ன வேலைக்கும் பெரிய வேலைக்கும் ஒரே தொகை கேட்கிறார்கள், அது தப்பு. நான் தெரஸ் வீட்டுக்குத் தவணையில் வாங்குகிறேன். இப்போது இருக்கிற கட்டடத்தை அளந்து, உள்ளது உள்ளபடி பிளான் போட்டு அனுமதி கேட்கிற வழியும் உண்டு. விதிக்குள் அடங்காத பகுதி இருந்தால் அதை இடிக்கச் சொல்லலாம். உங்கள் பிள்ளைகள் பேரில் வீட்டை மாற்றுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

லெபோபாசார் | புதன், காலை 11:00

இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும், எங்க வீடு லிட்டில் இந்தியா பக்கம், தாத்தா காலத்துக் கடைவீடு. 2008 ஜூலை 7ல ஜார்ஜ்டவுன் உலக பாரம்பரியத் தளமாச்சு இல்லையா, அந்த மையப் பகுதிக்குள்ள நாங்க. கட்டட அனுமதி மட்டும் போதாது. 2016ல அரசாங்கப் பதிவேட்டுல வந்த சிறப்புப் பகுதித் திட்டம் எங்களுக்குப் பொருந்தும், உயரம் 18 மீட்டருக்கு மேல போகக்கூடாது, முகப்பு, ஐந்தடி நடைபாதை எதையும் நம்ம இஷ்டத்துக்குத் தொட முடியாது.

முன்னாடி எனக்கும் அதுல கோவம் இருந்துச்சு. ஒரு விஷயம் நடந்த பிறகு மாறிட்டேன். இந்தத் திட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, அப்பா கீழ்த்தளச் சுவர்ல உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சை எடுத்துட்டு சிமெண்டு பூசச் சொன்னாரு. ரெண்டு மழைக்காலம். சுவரைத் தட்டினா டொக்கு டொக்குனு உள்ள வெறுமையாச் சத்தம். சிமெண்டைப் பெயர்த்தா பின்னால செங்கல் மாவா கொட்டுது, விரலால தோண்டலாம். தரையிலருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளிய போயிடும், சிமெண்டு அதை அடைச்சிடும், உப்பு உள்ளயே தங்கி செங்கல்லை அரிச்சிடும்னு பழைய கட்டடம் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர் காட்டினாரு. நூறு வருஷம் நின்ன சுவர்.

செந்தூல்_சிவா | புதன், மதியம் 2:45

கோலாலம்பூர்ல இருக்கவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க. இங்க திட்ட அனுமதிக்கு 1982ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேச (திட்டமிடல்) சட்டம், கட்டட விதிகளும் 1985ல தலைநகருக்குனு தனியா வந்தது. அடிப்படை ஒண்ணுதான், ஆனா நடைமுறை, படிவம் எல்லாம் வேற. குப்பைக்கும் வேற சட்டம்: 672ஆம் சட்டம் இங்க உண்டு, பினாங்குல கிடையாது. எங்க போனாலும் உடைச்ச செங்கல்லை ரோட்டோரம் கொட்டினா சம்மன்தான். ரோரோ தொட்டி (லாரியில ஏத்திப் போற பெரிய குப்பைத் தொட்டி) வாடகைக்கு எடுங்க.

கொன்ட்ரெக்டர் சிஐடிபியில (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு செஞ்சவரான்னு பாருங்க. இந்த மாதிரிச் சின்ன வேலைக்கு ஜி1 தரம் போதும். பேரைப் போட்டு அவங்க வலைத்தளத்துலயே தேடிப் பார்க்கலாம்.

ஃபார்லிம்_ஃபிளாட் | புதன், மாலை 6:10

ஃபிளாட்டுக்கும் இதே விதியா? ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கிற சுவரை எடுக்கணும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா | புதன், மாலை 6:40

முதல்ல உங்க ஜேஎம்பி (கூட்டு நிர்வாகக் குழு), இல்ல நிர்வாகக் கழகத்துக்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும் தங்கச்சி, டெபோசிட் கேப்பாங்க. அந்தச் சுவர் பாரம் தாங்குறதான்னு எஞ்சினியர் சொல்லாம ஒரு சுத்தியல் கூடப் படக்கூடாது. உங்க மேல எத்தனை மாடி இருக்குனு நெனச்சுப் பாருங்க.

கெலுகோர்வாசி | வெள்ளி, இரவு 9:15

கொன்ட்ரெக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். கோவப்பட்டாரு, பரவாயில்ல.

இன்னிக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்க்கப் போனேன். நாங்க கட்டப் போறோம்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. ஒண்ணும் பேசாம என்னை அவர் வீட்டுப் பின்னால கூட்டிட்டுப் போய், அவருக்கு மறுபக்கத்து வீட்டை ஒட்டின சுவரைக் காட்டினாரு. அந்த வீட்டுக்காரங்க இழுத்தப்ப அவர் சுவர்ல ஓட்டை போட்டு பீமைச் சொருகியிருக்காங்க. அந்த இடத்துலருந்து தரை வரைக்கும் படிப்படியா விரிசல், என் சுண்டுவிரல் நுனி நுழையுது. மழை பெஞ்சா தண்ணி உள்ள வருதாம், கீழ பழைய பெயின்ட் டப்பா வச்சிருக்காரு. "நான் அப்ப ஒண்ணும் சொல்லல, அக்கம்பக்கம்னு விட்டுட்டேன்"னு மலாய்ல மெதுவா சொன்னாரு. நாங்களும் அதையேதான் செய்ய இருந்தோம்னு நெனச்சப்ப எனக்குப் பேச்சே வரல. உங்க சுவரைத் தொட மாட்டோம், பிளான் வந்ததும் காட்டுறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஐயா, பிளானுக்கு என்னென்ன தாள் எடுத்து வைக்கணும்?

கோடும்_அளவும் | வெள்ளி, இரவு 10:20

கெரான் (நில உரிமைப் பத்திரம்) நகல், ஐசி (அடையாள அட்டை) நகல், இந்த ஆண்டு மதிப்பீட்டு வரியும் நில வரியும் கட்டிய ரசீது, வீட்டின் முன்பக்கம் பின்பக்கம் படங்கள். முக்கியமாக, மன்றத்தில் இருக்கும் உங்கள் வீட்டின் பழைய அங்கீகரிக்கப்பட்ட பிளானின் நகலை வாங்கிவிடுங்கள். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம் கேட்டால் அந்தப் பெரியவரிடம் நீங்கள் பேசியிருப்பது பெரிய உதவி.

விண்ணப்பத்தை நீங்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. கட்டடக்கலைஞர், எஞ்சினியர், அல்லது லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவில் (கட்டடக்கலைஞர் வாரியம்) பதிந்த வரைவாளர், இவர்களில் ஒருவர் மன்றத்தின் ஓஎஸ்சி (ஒரே இட மையம்) ஆன்லைன் முறை வழியாகப் போடுவார். பிளான் கிடைத்ததும் மறுநாளே தோண்ட ஆரம்பிக்காதீர்கள், வேலை தொடங்குவதற்கு முன் பாரம் பி (வேலை தொடங்கும் அறிவிப்புப் படிவம்) கொடுக்க வேண்டும். அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் தொடங்காவிட்டால் அது காலாவதியாகும்.

இன்னொன்று. வேலை நடக்கும்போது "இங்க ஒரு அடி கூட்டிக்கலாம், அங்க ஒரு கதவு வச்சுக்கலாம்" என்று ஆசை வரும். பிளானில் இல்லாததைக் கட்டினால், பெர்மிட் எடுத்தும் எடுக்காதவர் நிலைதான். மாற்ற வேண்டுமானால் முதலில் பிளானை மாற்றுங்கள்.

பிறைக்காரன் | சனி, காலை 8:00

தம்பி, அந்தப் பெரியவர் சுவர் பத்திப் படிச்சதும் ராத்திரி தூக்கம் வரல. நானும் 2003ல பக்கத்துச் சுவர் மேலதான் ஏத்தினேன். காலையில போய்ப் பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு இருக்கு. ஐயா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கேன்.

கெலுகோர்வாசி | நாலு மாசம் கழிச்சு, ஞாயிறு, மாலை 5:30

சொன்னபடி நிலவரம் எழுதறேன்.

பிளான் ஒரு தடவை திரும்பி வந்துச்சு. தப்பு எங்களோடதுதான். ஏர்வெல்லுல விழற மழைத்தண்ணி எந்த வழியா லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போகும்னு காட்டல. 2017 நவம்பர் 4, 5ல பினாங்கு முழுக்க மூழ்கினப்ப எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னுச்சு. அதைப் பார்த்த நானே பிளான்ல அதைக் கேக்காம விட்டேன். ஏர்வெல் தரையை பேக்லேன் பக்கம் சரிச்சு, மூடிபோட்ட வடிகால் வரைஞ்சு, திருப்பி அனுப்பினோம். அனுமதி வந்துடுச்சு.

வரைவுக்கும் எஞ்சினியருக்கும் சேர்த்து எனக்கு 5,200 வெள்ளி ஆச்சு, மன்றக் கட்டணம் தனி. புது கொன்ட்ரெக்டர் 44 ஆயிரம் கேட்டாரு, தனிச் சுவரையும் சேர்த்து. பழையவரை விட ஆறாயிரம் கூட. நகையில ஒரு பகுதியை அடகு வச்சோம், மறைக்க ஒண்ணுமில்ல.

பிளான் கைக்கு வந்த அன்னிக்கே பெரியவர் வீட்டுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரலை வச்சு ரெண்டு சுவரையும் தனித்தனியாத் தொட்டுப் பார்த்தாரு. "இது என்னோடது, இது உன்னோடது"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டாரு.

பாரம் பி கொடுத்தாச்சு. அஸ்திவாரக் குழி தோண்டியாச்சு. அம்மா ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு வேலையாளுங்களுக்கு இங்கருந்தே கட்டளை போடறாங்க, கறிவேப்பிலைத் தொட்டியை மேன்ஹோல் மூடி மேல வைக்காதேன்னு மூணு தடவை சொல்லிட்டாங்க. செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் கம்பி கட்டினதைப் பார்க்க வர்றாரு, அவர் சரின்னு சொன்னா புதன் காலையில கான்கிரீட் ஊத்தறோம்.